பூமிக்குள் நீர் போகும் வழி

ஒரே வரப்பின் இரு பக்கமும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். இடையே ஐம்பது அடி தூரங்கூட இராது. ஒன்று காலை முதல் மாலை வரை இறைத்தாலும் சளைப்பதில்லை. மற்றொன்றில் எண்ணூறு அடி இறக்கியும் மேலே வந்தது கல்தூள்தான். முன்னவர் கடனை அடைத்துவிட்டார். பின்னவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். இத்தகைய காட்சியைக் கண்டிராத அங்கத்தினர் நம்மிடையே அநேகமாக இருக்கமாட்டார். காரணம் கேட்டால், "அவரவர் யோகம்" என்பார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவரோ, "நான் காட்டிய இடத்தைவிட்டு இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டீர்கள்" என்று தப்பித்துக்கொள்வார்.

தேங்காயின் சக்தியில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் அவர் சொல்லும் சமாதானத்தில், அவரே அறியாமல், ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பாறைப் பிரதேசத்தில் இரண்டடி என்பது பெரிய தூரந்தான். நீர் புகவே முடியாத கல்லும், நீர் தடையின்றி ஓடும் வெடிப்பும், நடுவே எவ்வித இடைநிலையும் இன்றி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 73 சதவீதம் இத்தகைய கடின பாறையின் மேல் அமைந்தது. ஆகவே இது நம்மில் பெரும்பாலோரைத் தொடும் விஷயம்.

பயிரிடுவோரை மட்டுமன்று, நூலுக்குச் சாயமேற்றுவோரையும் இது தொடும். பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு ஏராளமாகச் சேர்க்கிறோம். சாயம் நூலில் தங்கிவிடுகிறது. உப்பு கழிவு நீரோடு வெளியே போகிறது. மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நீர் போகும் வழியெல்லாம் அதுவும் கூடவே போகும். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடிக்கப்பெற்ற அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போன கதையை நாம் அறிவோம். விவசாயிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சாயப்பட்டறைகளே ஈடுசெய்ய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2009-ல் உறுதிசெய்தது. 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைக்காரரும் கிணற்றுக்காரரும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில் இன்றும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: இங்கே கசியும் உப்பு அங்கே எப்போது போய்ச் சேரும்?

அதற்கு விடை கூறும் சாஸ்திரம் எவ்வாறு வளர்ந்தது, அதில் எங்கே ஒரு தவறு நெடுநாள் குடியிருந்தது, அதைத் திருத்தக் கணித அறிஞர் என்ன செய்கின்றனர் என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். பொருள் சற்றுக் கடினமானது. எனினும் தறியையும் ஏற்றத்தையும் அறிந்தவர்க்கு எட்டாததன்று.

பிரெஞ்சு தேசத்தில் டிஜான் என்றொரு நகரம். அதற்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி. மணலின் வழியே நீரை வடிகட்டுவது பற்றி அவர் செங்குத்தான ஒரு குழாயில் மணலை நிரப்பிச் சோதனைகள் செய்து, முடிவுகளை 1856-ல் வெளியிட்டார். அவர் கண்ட விதி எளியது. இரு முனைகளிலும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரு மடங்கானால் வடியும் நீரும் இரு மடங்காகும்; மணலின் நீளம் இரு மடங்கானால் நீர் பாதியாகும். எஞ்சியிருப்பது ஓர் எண் மட்டுமே. அது அந்த மணலின் குணத்தைக் காட்டுவது. அதனை 'நீர் கடத்துந் திறன்' என்று நாம் வழங்கலாம். நிலத்தடி நீரைப் பற்றிய எல்லாக் கணக்குகளும் இன்றளவும் இந்த விதியின் மேலேயே நிற்கின்றன.

டார்சியின் குழாயில் இருந்தது ஒரே விதமான மணல். ஆகவே ஓர் எண் போதும். பூமிக்குள் இருப்பதோ அப்படியன்று. ஃப்ரீஸ், செரி என்னும் இரு அறிஞர்கள் 1979-ல் எழுதிய நிலத்தடி நீர் பற்றிய நூலில், சரளையிலிருந்து வெடிப்பில்லாத பாறை வரையில் இந்த எண் பதின்மூன்று படிகள் மாறுகிறது என்று காட்டினர். படி ஒன்றுக்குப் பத்து மடங்கு என்று கொள்க. ஒன்றுக்குப் பின் பதின்மூன்று சைபர் போட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம் விளங்கும். உலகில் நாம் அளக்கும் வேறு குணங்களில் இவ்வளவு தூரம் விரியக்கூடியவை மிகச் சிலவே.

இதனால் என்ன கேடு என்பதற்கு ஒரு சிறு கணக்கு. சமகனமான இரண்டு அடுக்குகள்: ஒன்று மணல், திறன் நாளுக்கு 10 மீட்டர், மற்றொன்று களிமண், திறன் நாளுக்கு 0.001 மீட்டர். இரண்டும் சேர்ந்து எவ்வளவு நீர் விடும்? நீர் அடுக்குகளின் நீளவாக்கில் போனால், மணலே வேலையெல்லாம் செய்துவிடும், கூட்டுத்திறன் 5. நீர் அடுக்குகளைக் குறுக்கே கடக்க வேண்டுமானால், களிமண் வாயிலை அடைத்துக்கொள்ளும், கூட்டுத்திறன் 0.002. அதே மணல், அதே களிமண், அதே கனம். விடைகளிடையே 2,500 மடங்கு வித்தியாசம். இன்னும் ஒரு விந்தை. துணியைப் போன்ற ஒரு தளத்தில் மணலும் களிமண்ணும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல் மாறிமாறி அமைந்தால் விடை மிகச் சரியாக 0.1 ஆகும். இத்தகைய கலப்புகளின் கணிதத்தை அமெரிக்காவில் ஜோசப் கெல்லர் 1964-லும், சோவியத் நாட்டில் டிக்னே 1970-லும் நிறுவினர். சரக்கு எவ்வளவு என்று தெரிந்தால் போதாது, அது எந்த வரிசையில் கோத்திருக்கிறது என்றும் தெரிந்தாக வேண்டும். நெசவாளருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஒரே நிறை நூலில் சல்லடைத் துணியும் நெய்யலாம், இரட்டு ஜமுக்காளமும் நெய்யலாம்.

ஆனால் பூமிக்குள் கோப்பு எப்படியென்று யார் பார்த்தது? ஒரு சதுர மைலில் பத்துத் துளைகள் போட்டால் பத்து இடங்களின் செய்தி கிடைக்கும். மற்ற இடமெல்லாம் ஊகமே. இந்த ஊகத்துக்கு ஒரு முறை வகுத்தவர்கள் தங்கச் சுரங்கத்தார். தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க வயலில் டேனி கிரீகே என்னும் பொறியாளர், துளைகளுக்கு இடைப்பட்ட பாறையில் தங்கம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று கணிக்கும் வழியை 1951-ல் எழுதினார். பிரான்சில் ஜார்ஜ் மாதெரோன் அதனை அறுபதுகளில் முழுக் கணித சாஸ்திரமாக்கினார். அதன் சாரம் இதுதான்: அருகருகே உள்ள இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், தூரம் கூடக்கூட ஒற்றுமை குறையும். எந்த வேகத்தில் குறைகிறது என்பதைத் துளைகளிலிருந்தே அறியலாம்.

இங்கேதான் 'வாய்ப்புப் புலம்' என்னும் கருத்து வருகிறது. பெயரைக் கண்டு மருள வேண்டா. நிலத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திறன் உண்டு. ஆனால் அது நமக்குத் தெரியாது. ஆகவே ஒரு நிலத்தை வரைவதற்குப் பதிலாக ஆயிரம் நிலங்களை வரைகிறோம். துளை போட்ட இடங்களில் ஆயிரமும் உண்மையோடு ஒத்துப்போகும். மற்ற இடங்களில், நமக்குத் தெரிந்த விதிகளை மீறாமல், வெவ்வேறாக இருக்கும். இந்த ஆயிரம் நிலங்களின் கூட்டமே வாய்ப்புப் புலம். ஒவ்வொன்றிலும் டார்சியின் விதிப்படி நீரை ஓடவிட்டுப் பார்க்கிறோம். ஆயிரத்தில் தொள்ளாயிரத்தில் உப்பு பத்தாண்டில் கிணற்றை எட்டவில்லை, நூற்றில் எட்டிவிட்டது என்றால், எட்டும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்கிறோம். நிலத்தடி நீருக்கு இவ்வாறு கணக்கிடலாம் என்று 1975-ல் எழுதிய ஆலன் ஃப்ரீஸின் கட்டுரை, இத்துறையில் ஒரு திருப்பம் என்று கருதப்பெறுகிறது. நிபுணர் ஒரே எண்ணைத் தந்துவிட்டுப் போகாமல், தம் அறியாமையையும் அளந்து சொல்லும் வழி பிறந்தது அப்போதுதான்.

தவறு புகுந்த இடமும் இதுவே. ஆயிரம் நிலங்களை எந்த விதிப்படி வரைவது? காஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதையின் பெயரால் வழங்கும் மணி வடிவ வளைவு ஒன்றுண்டு. அதை வைத்து வரைவது மிகச் சுலபம். சராசரி ஒன்று, விரிவு ஒன்று, ஒற்றுமை எவ்வளவு தூரம் நீடிக்கிறது என்பது ஒன்று ஆகிய மூன்று எண்கள் போதும். ஆகவே திறனின் மடக்கை இந்த வளைவைப் பின்பற்றுகிறது என்று கொண்டனர். இப்படி வரைந்த நிலங்களில் வழக்கமாகத் திறன் மெல்ல மெல்ல மாறும். சாயம் ஊறிப் பரவிய துணியைப் போல, கருநீலம் வெளுத்து இளநீலமாகி வெள்ளையில் கரையும். பார்வைக்கு அழகு, கணக்குக்கு இதம். ஆனால் மண் அப்படியா இருக்கிறது? ஆறு தன் பழைய தடத்தில் விட்டுச்சென்ற சரளையும், அதன் கரையில் படிந்த களிமண்ணும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் போன்றவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் ஓர் இழையில் சந்திக்கும். இழைக்கு இப்பால் அரக்கு, அப்பால் பச்சை. இடைநிறம் என்பதே இல்லை. கணித அறிஞர் இதனைத் 'தொடர்ச்சியற்ற' புலம் என்பர்.

இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டும் உள்ளதா, நிலத்திலும் பலிக்குமா என்பதை இரண்டு சோதனைகள் காட்டின. இரண்டையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, கனடாவில் ஒன்டேரியோ மாகாணத்துப் போர்டன் ராணுவ முகாமில் 1982 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கு நிலத்தடி மணல் ஓரளவு ஒரே சீரானது. குளோரைடு, புரோமைடு முதலிய உப்புகள் கலந்த சுமார் 12,000 லிட்டர் நீரை உட்செலுத்தி, அது போகும் வழியை ஆயிரக்கணக்கான இடங்களில் மாதிரி எடுத்துச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தனர். உப்புத் திரள் நாளுக்குச் சுமார் ஒன்பது சென்டிமீட்டர் நகர்ந்தது. அங்கே தோண்டியெடுத்த மண்ணில் எட்வர்டு சுடிக்கி என்பார் 1,279 இடங்களின் திறனை அளந்து 1986-ல் வெளியிட்டார். பெரும்பாலான அளவுகள் நடுமதிப்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்று மடங்குக்கும் உள்ளேயே அடங்கின. மணி வடிவ வளைவைக் கொண்டு செய்த கணக்கும், உண்மையில் உப்பு பரவிய விதமும் நன்றாகவே ஒத்துப்போயின. சாஸ்திரம் வென்றது என்று அறிஞர் மகிழ்ந்தனர்.

இரண்டாவது, அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் விமானப்படைத் தளத்தில் 1986 அக்டோபரில் நடந்தது. நடத்தியவர்கள் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தார். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-ல் எந்த நிறுவனத்தை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பெற்றதோ, அதே ஆணையந்தான். இங்கே மணல், சரளை, வண்டல், களிமண் எல்லாம் ஆறு கொட்டியபடியே கிடந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்தனர். நடுமதிப்பிலிருந்து இரு பக்கமும் அறுபது மடங்குவரை அவை சிதறிக் கிடந்தன. புரோமைடு கலந்த பதினாயிரம் லிட்டர் நீரை உட்செலுத்தி இருபது மாத காலம் கவனித்தனர்.

நடந்தது விசித்திரம். உப்பின் பெரும்பகுதி இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. புகுந்த இடத்தருகே இருபது மீட்டருக்குள் முடங்கிக் கிடந்தது. ஆனால் அதன் மெல்லிய முன்முனை இருநூறு மீட்டருக்கும் அப்பால் போய்விட்டது! வழக்கமான கணக்கு எதிர்பார்த்ததோ, சுற்றிலும் சீராகப் பரவி, மொத்தமாக முன்னேறும் ஒரு திரள். உண்மையில் கண்டது ஊரிலேயே தங்கிவிட்ட கூட்டமும், ஓட்டமெடுத்த ஒரு தூதனுமே. இதற்கு விளக்கம் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வாதம் உண்டு. மெல்லிய சரளைக் கீற்றுகள் ஒன்றோடொன்று இணைந்து வழி விட்டன என்பர் பலர். பழைய முறையையே இன்னும் நுட்பமாகக் கையாண்டால் போதும் என்பாரும் உளர். சராசரியை நம்பினால் முன்முனை ஏமாற்றிவிடும் என்பதை மட்டும் எவரும் மறுப்பதில்லை.

கிணற்றுக்காரருக்கு இதன் பொருளை ஓர் உதாரணக் கணக்கால் காட்டுவோம். ஒரு சாயப்பட்டறைக் குட்டைக்கும் ஒரு கிணற்றுக்கும் இடையே 300 மீட்டர். நீர்மட்டச் சரிவு நூற்றுக்கு ஒன்று. மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு துளையிடம். இறைத்துப் பார்த்ததில் மண்ணின் திறன் நாளுக்கு 1 மீட்டர் என்று தெரிந்தது. டார்சி விதிப்படி நீர் நாளுக்கு ஐந்து சென்டிமீட்டர் நகரும். உப்பு வந்து சேர 6,000 நாள், அதாவது பதினாறு ஆண்டுக்கு மேல். "உங்கள் பேரன் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிபுணர் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அந்த மண்ணின் கனத்தில் நூற்றுக்கு மூன்றே பங்கு, நாளுக்கு 20 மீட்டர் திறனுள்ள சரளைக் கீற்றாக இருந்து, அது குட்டையையும் கிணற்றையும் இணைத்திருந்தால்? மற்ற மண்ணின் திறன் 0.4 என்று இருந்தால் இறைப்புச் சோதனையில் அப்போதும் சராசரி 1 என்றே வரும். சோதனைக்கு வித்தியாசம் தெரியாது. உப்பு மட்டும் கீற்றின் வழியே நாளுக்கு ஒரு மீட்டர் வீதம் ஓடி, 300 நாளில் கிணற்றில் நிற்கும். போகும் நீரில் பத்தில் ஆறு பங்கு அந்த மூன்று பங்குக் கீற்றிலேயே ஓடும். பதினாறு ஆண்டு எங்கே, பத்து மாதம் எங்கே?

மணி வடிவ வளைவுக்கு இந்த விஷயத்தில் மற்றொரு குறையும் உண்டு. அந்த முறையில் வரைந்த நிலங்களில் மிக உயர்ந்த திறனுள்ள இடங்கள் தீவுகளைப் போல் தனித்தனியே சிதறி நிற்கும். நீண்ட சங்கிலியாகக் கைகோப்பது அபூர்வம். ஸ்பெயின் தேசத்தவரான கோமெஸ்-ஹெர்னாண்டெஸ் என்பாரும் வென் என்பாரும் 1998-ல் இதனை எடுத்துக்காட்டினர். துளைகளில் எடுத்த அளவுகள் அவ்வளவும் ஒத்திருக்க, சிதறிய அமைப்புக்கும் கைகோத்த அமைப்புக்கும் இடையே நீர் வந்துசேரும் காலம் பெரிதும் மாறுபடலாம் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் கட்டுரைக்கு ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை நினைவூட்டும் தலைப்பு வைத்தார்கள். கணக்கு வாத்தியார்களுக்கும் ரசனை உண்டு போலும்.

இதுவரை சொன்னது மண்ணுக்கு. கருங்கல் பிரதேசத்தில் நிலைமை இன்னும் கடுமை. கல் நீரை விடுவதே இல்லை எனலாம், விடுவது வெடிப்பு. வெடிப்பின் அகலம் இரு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்காகும்; பத்து மடங்கானால் ஆயிரம் மடங்காகும். தலைமுடி அகல வெடிப்புக்கும் நாணயத்தின் கனமுள்ள வெடிப்புக்கும் உள்ள பேதம் அதனால்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகிறது. வெடிப்பு இருந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று கூடவும் வேண்டும். இந்தக் கூடுதல் பற்றிய கணிதத்தை 1957-ல் இங்கிலாந்தில் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்னும் இருவர் தொடங்கினர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வாயு முகமூடியில் காற்று எவ்வாறு வழி காண்கிறது என்ற கேள்வியிலிருந்து அது பிறந்தது. எல்லையின்றி விரிந்த ஒரு சதுர வலையில் ஒவ்வோர் இழையும் திறந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தால், நீர் எங்கோ ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும். பாதியைத் தாண்டிவிட்டால் முடிவில்லாத வழி திறந்துவிடும். 1980-ல் ஹாரி கெஸ்டன் இதனை ஐயமற நிறுவினார். நூற்றுக்கு நாற்பத்தொன்பது இழை திறந்திருக்கும்போது இல்லாத வழி, ஐம்பத்தொன்றில் உண்டு. நம் கட்டுரையின் தொடக்கத்தில் நின்ற இரண்டு கிணறுகளில் ஒன்று கூடிய வெடிப்பைத் தொட்டது. மற்றொன்று கூடாத வெடிப்பையோ வெறுங்கல்லையோ தொட்டது.

கணித அறிஞர் இதற்கு என்ன செய்கின்றனர்? நிலத்தை முதலில் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் மணலா, களியா, வெடிப்பா என்று வாய்ப்பின்படி நிச்சயித்து, பின்னர் துண்டுக்குள் சிறு மாற்றங்களை அனுமதிப்பது ஒரு வழி. கோர்வையை முதலில் நிச்சயித்து, உடலிலும் கரையிலும் புட்டாக்களைப் பின்னர் இடுவது போன்றது அது. பால் லெவி என்னும் பிரெஞ்சுக் கணித மேதை ஆராய்ந்த, திடீர்த் தாவல்களையுடைய வாய்ப்பு முறைகளைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரியா பார்த், ஆண்ட்ரியாஸ் ஸ்டைன் என்னும் இருவர், மெல்ல மாறும் பகுதியையும் திடீரெனத் தாவும் பகுதியையும் சேர்த்து வரையும் முறையொன்றை 2018-ல் வெளியிட்டனர். இவற்றின் உள்விவரம் நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் அவை ஏன் எளிதில் கைக்கு வரவில்லை என்பதை அறிவது நல்லது.

கணக்கிடும் யந்திரம் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்தே வேலை செய்யும். திறன் மெல்ல மாறினால் கட்டம் பெரிதாயினும் பாதகமில்லை. தாவல் கோடு ஒரு கட்டத்தின் நடுவே ஓடினால், அந்தக் கட்டத்துக்கு மணலின் எண்ணைத் தருவதா, களிமண்ணின் எண்ணைத் தருவதா? எதைத் தந்தாலும் பிழை. ஆகவே கோட்டை ஒட்டிக் கட்டங்களை வளைத்து அமைக்க வேண்டும். அதுவும் ஆயிரம் நிலத்துக்கு ஆயிரம் தடவை. போதாக்குறைக்கு, விடையில் ஒரு தசம ஸ்தானம் கூடுதல் நுட்பம் வேண்டுமானால் நூறு மடங்கு நிலங்களை வரைந்தாக வேண்டும். சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோ நகரின் பெயரைத் தாங்கி 1949-ல் அச்சேறிய இந்த முறையின் பிறவிக் குணம் அது. செலவு மலைக்கச் செய்யும்.

சிக்கனத்துக்கும் ஓர் உபாயம் கண்டிருக்கின்றனர். பெரிய கட்டங்களில் மலிவாகப் பதினாயிரம் நிலங்களைக் கணக்கிடுவது. பெரிய கட்டத்துக்கும் நடுத்தரக் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில நூறு நிலங்களில் மட்டும் பார்ப்பது. மிக நுண்ணிய கட்டத்தைப் பத்திருபது நிலங்களோடு நிறுத்திக்கொள்வது. பிறகு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வது. மைக்கேல் கைல்ஸ் என்பார் 2008-ல் பணச்சந்தைக் கணக்குகளுக்காகப் பிரபலப்படுத்திய இம்முறையை, அவரும் வேறு மூவரும் 2011-ல் நிலத்தடி நீர் ஓட்டத்துக்கும் பொருத்திக் காட்டினர். நாள் கணக்கில் ஓடிய வேலை சில மணி நேரத்தில் முடியும் சந்தர்ப்பங்கள் உண்டு.

இவ்வளவு கணிதமும் கைவசம் இருக்க, ஊருக்கு வரும் அறிக்கையில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கிறது. 'உப்பு பதினாறு ஆண்டில் வரும்' என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை எந்தச் சங்கமும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பது நமது கருத்து. எத்தனை துளைகளைக் கொண்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள், மண் மெல்ல மாறுவதாக வைத்துக்கொண்டீர்களா, தாவுவதாகவா, இரண்டாண்டுக்குள் வந்துவிடும் வாய்ப்பு நூற்றில் எத்தனை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால் அதற்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமன்று. நூற்றில் ஐந்து என்று விடை வந்தால் பட்டறைக்காரர், "தொண்ணூற்றைந்து என் பக்கம்" என்பார், கிணற்றுக்காரர், "அந்த ஐந்தில் என் தோட்டம் போனால்?" என்பார். இருவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினராக இருக்கலாம். ஐந்து சிறியதா பெரியதா என்பதைக் கணிதம் சொல்லாது. யார் எவ்வளவு ஆபத்தைத் தாங்குவது, குட்டைக்கு உறை போடும் செலவை யார் ஏற்பது என்பதைப் பொதுக்குழுவில் உட்கார்ந்து இருவருமே பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் பதினாறு ஆண்டு என்னும் பொய் நிச்சயத்தின் மேல் நடக்கும் பேச்சைக் காட்டிலும், நூற்றில் ஐந்து என்னும் மெய்யான ஐயத்தின் மேல் நடக்கும் பேச்சு நேர்மையானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. எந்தக் கணித முறையானாலும் அதற்குத் தீனி துளைகளின் செய்தியே. கொலம்பஸில் ஒரு வயல் அளவான இடத்தை அறிய இரண்டாயிரத்துக்கு மேல் அளவுகள் எடுத்தார்கள். நம் ஊர்களில் துளைக்குக் குறைவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ரிக் வண்டிகள் இரவும் பகலும் துளைத்துக்கொண்டே இருக்கின்றன. அத்துளைகள் சொல்லும் செய்திதான் தூளோடு தூளாகக் காற்றில் போய்விடுகிறது. வறண்ட துளையைப் பற்றி யாரும் எழுதி வைப்பதே இல்லை. ஆனால் வெடிப்பு எங்கே இல்லை என்று சொல்வதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சங்கம் ஒரு பேரேடு வைத்தால் போதும். சர்வே எண், துளையிட்ட தேதி, மேல்மண் எத்தனை அடி, சிதைந்த பாறை எத்தனை அடி, தூளின் நிறம் எந்தெந்த ஆழத்தில் மாறியது, முதல் ஈரம் எந்த ஆழத்தில் தென்பட்டது, நீர் எந்தெந்த ஆழத்தில் பீறியது, எத்தனை அங்குலம் வந்தது, பக்கத்துக் கிணற்றை இறைக்கும்போது இதில் மட்டம் இறங்குகிறதா என்பனவே அதன் பத்திகள். கடைசியாகச் சொன்ன பத்தியை அலட்சியம் செய்யலாகாது. இரண்டு கிணறுகள் ஒரே வெடிப்பில் கூடியிருக்கின்றன என்பதைக் காட்டும் மலிவான சோதனை அதுவே. மட்டம் இறங்கும் வழியிலேயே உப்பும் வரும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், நீரின் உப்புத்தன்மையை அளந்து அதே ஏட்டில் சேர்க்கலாம். அதற்கான கையடக்கக் கருவி இப்போது விலை மலிந்துவிட்டது. துளை விவரத்தை மட்டும் துளையிட்ட அன்றே, ரிக் ஓட்டுபவர் அருகில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மறுநாள் அவர் வேறு ஜில்லாவில் இருப்பார்.